நொக்ஸின் நூலும் றென்னின் சித்திரமும்: மூளைப் படமும் முதுமை மறதியும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கண்டி இராச்சியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் வெளிவந்த முதல் நூல் றொபேட் நொக்ஸ் எழுதியது. 1681 இல் இலண்டனில் அச்சேறிய அந்நூலின் முகப்பில், நூல் மிக்க உண்மையோடும் நேர்மையோடும் எழுதப்பட்டதாகத் தோன்றுகிறது என்று ஒருவர் நற்சான்று வழங்கியிருக்கிறார். அச்சான்றின் திகதி 1681 ஓகஸ்ட் 23. வழங்கியவர் அப்போது றோயல் சங்கத்தின் தலைவராயிருந்த கிறிஸ்தோபர் றென். சென்போல்ஸ் தேவாலயத்தைக் கட்டிய சிற்பியாகவே றென்னை உலகம் அறியும். எமது கட்டுரைக்கு அவருடைய வேறொரு பணியே முக்கியமானது. 1664 இல் ஒக்ஸ்போர்ட் மருத்துவர் தோமஸ் வில்லிஸ் மூளையின் உடற்கூறு பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். மூளையை மண்டையோட்டிலிருந்து முழுமையாக வெளியே எடுத்து, அதன் அடிப்புறத்தையும் அங்கு வளையமிடும் இரத்தக் குழாய்களையும் தெளிவுறக் காட்டிய நூல் அது. அதிலுள்ள சித்திரங்கள் பலவற்றை வரைந்தவர் இதே றென். நரம்பியலுக்கு இன்று ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரை ஆக்கித் தந்தவரும் வில்லிஸே.

றென் மூளையை வரைந்துகொண்டிருந்த காலத்தில் நொக்ஸ் இரண்டாம் இராஜசிங்கனின் கைதியாகக் கண்டிக் கிராமங்களில் இருந்தார். 1660 இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட அவர், இறுதியில் பேராதனைக்குத் தெற்கே உடுநுவரையிலுள்ள எலதெத்தவில் வீடு கட்டிக் குடியிருந்து, 1679 இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். மூளையின் உருவத்தை முதன்முதலாகச் செம்மையாக வரைந்த கையும், கண்டி மக்களின் வாழ்வை முதன்முதலாக விரிவாக எழுதிய கையும் ஒரு நற்சான்றுப் பத்திரத்தில் சந்தித்துக்கொண்டன என்பது வெறும் தற்செயலே. இதற்கு மேல் பொருள் காண நான் முயலவில்லை. ஆயினும் மூளையின் உருவத்தைப் பார்த்து ஒரு முதியவரின் நாளைய மறதியை இன்றே சொல்லிவிடலாம் என்னும் கூற்று இக்காலத்தில் வலுப்பெற்று வருகிறது. அவ்வுருவமும் கண்டிச் சீமை முதியோரின் வாழ்வும் ஒன்றையொன்று எந்த அளவுக்கு அறிந்திருக்கின்றன என்று கேட்பது வரலாற்று மாணவனுக்கும் உரிய கேள்வியே.

முதுமையில் அறிவு மழுங்கும் என்பது புதிய செய்தியன்று. வில்லிஸே 1672 இல் எழுதிய மற்றொரு நூலில் அறிவு மந்தத்துக்கான காரணங்களுள் முதுமையையும் சேர்த்திருந்தார். இதனைக் கூர்ந்து வகுத்தவர் பிரான்சிய உளவியலாளர் றிபோ. அண்மைக்கால நினைவுகளே முதலில் அழிகின்றன, இளமை நினைவுகள் நெடுங்காலம் நிலைக்கின்றன என்று 1881 இல் அவர் எழுதினார். தமிழ் மாணவர்க்கு இதில் வியப்பிராது. புறநானூற்றின் 243 ஆம் பாடலைப் பாடிய தொடித்தலை விழுத்தண்டினார், கோலூன்றி நடக்கும் கிழப்பருவத்தில் மடுவிற் குதித்த இளமையை நீர்த்துளி தெறிப்பது உட்பட நினைவுகூருகிறார். அப்புலவர் நோயாளியல்லர். முதுமையில் எது தங்குகிறது என்பதை அறிந்தவர், அவ்வளவே. நொக்ஸும் இவ்வாறே தம் முதுமையில், தம் நூலின் பிரதியொன்றில் வெற்றுத்தாள்களைச் சேர்த்துக் கண்டி நாட்டைப் பற்றிய நினைவுகளை மேலும் மேலும் எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதிய தன்வரலாறு 1911 இல்தான் அச்சேறியது.

இயல்பான முதுமைக்கும் நோய்க்கும் இடையே கோடு கிழிக்கும் முயற்சி, 1901 இல் பிராங்பேர்ட் மனநோய் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட ஒரு பெண்ணோடு தொடங்குகிறது. அவருக்கு வயது 51. மருத்துவர் அலோய்ஸ் அல்ஸைமர் அவரிடம் பெயர் என்ன, கணவர் பெயர் என்ன, எங்கே இருக்கிறீர் என்றவாறான எளிய வினாக்களை வினவி, விடைகளைச் சொல்லுக்குச் சொல் குறித்துக்கொண்டார். 1906 இல் அப்பெண் இறந்தபின் அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முடிச்சுக்களையும் கண்டு, அவ்வாண்டு நவம்பரில் ரூபிங்கனில் அறிவித்தார். வினா முதலில், மூளை பின்னர். இந்த வரிசை ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு மாறவில்லை. மூளையைக் காண நோயாளி இறக்கவேண்டியிருந்தது.

அல்ஸைமரின் நோய் நடுவயதினர்க்கு வரும் ஓர் அரிய நோயாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. கிழவரின் மறதி நோயன்று, வயதின் விளைவு என்பதே பொது எண்ணம். அதனை மாற்றிய ஆய்வுகளுள் தலையாயது நியூகாஸிலில் பிளெஸ்ஸெட், ரொம்லின்சன், ரொத் ஆகிய மூவர் 1968 இல் வெளியிட்டது. முதியோரின் மறதியை உயிரோடிருக்கும்போது அளந்து, இறந்தபின் அவர்தம் மூளையிலுள்ள படிவுகளை எண்ணி, இரண்டுக்கும் தொடர்புண்டு என்று அவர்கள் காட்டினர். 1976 இல் அமெரிக்க மருத்துவர் கற்ஸ்மன், முதியோரின் மறதியும் அல்ஸைமர் நோயும் ஒன்றே என வாதிட்டார். ஒரே நாளில் ஓர் அரிய நோய் உலகப் பெருநோயாயிற்று எனலாம்.

பெருநோயாவதற்கு முதியோர் வேண்டும். இவ்விடத்தில் இலங்கையின் குடிசன வரலாறு குறுக்கிடுகிறது. 1946 இல் இந்நாட்டில் ஆயிரவருக்கு 20.3 ஆயிருந்த மரண வீதம் 1947 இல் 14.3 ஆக வீழ்ந்தது. பிறப்பில் எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் ஏறத்தாழ 43 ஆண்டுகளிலிருந்து 52 ஐத் தாண்டியது. மலேரியாவுக்கு எதிரான டி.டி.ரி. தெளிப்பே காரணம் என்போரும், கிராமிய வைத்தியசாலைகளும் உணவு மானியமுமே காரணம் என்போரும் நெடுங்காலம் வாதிட்டுள்ளனர். காரணம் எதுவாயினும், அக்காலத்தில் பிறந்து தப்பிய குழந்தைகளே இன்று எழுபத்தைந்தையும் எண்பதையும் எட்டியிருப்போர். 2012 குடிசன மதிப்பின்படி நாட்டு மக்களுள் 12.4 வீதத்தினர் அறுபதும் அதற்கு மேலும் வயதுடையோர். இந்தப் பொது முன்னேற்றத்தில் தோட்டப்புறம் பின்தங்கியே வந்தது. அங்கு குழந்தை மரண வீதம் நாட்டின் சராசரியிலும் நெடுங்காலம் உயர்ந்திருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பது 1970களிலேதான் நடைபெறத் தொடங்கியது. ஹந்தானையிலோ புசல்லாவையிலோ இன்று லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் எண்பது வயதுப் பெண் பள்ளிக்கூடம் சென்றிருந்தால் ஐந்தாம் வகுப்பு வரைதான் சென்றிருப்பாள். பெரும்பாலும் அதுவும் இராது. இந்தச் செய்தி பின்னர் தேவைப்படும்.

இனி உயிருள்ள மூளையைக் காணும் கதைக்கு வருவோம். 1895 இல் றொன்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டியது, மூளையைக் காட்டவில்லை. 1918 இலும் அடுத்த ஆண்டிலும் அமெரிக்க அறுவை மருத்துவர் டான்டி மூளையின் அறைகளுக்குள் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். நோயாளிக்கு அது கொடிய வேதனை. மறதி கொண்ட கிழவரை அதற்கு உட்படுத்துவது எளிதில் ஏற்கத்தக்கதன்று. உண்மையான திருப்பம் 1971 ஒக்ரோபர் முதலாந் திகதி இலண்டனுக்கு அண்மையிலுள்ள அற்கின்சன் மோர்லி மருத்துவமனையில் நேர்ந்தது. கொட்ஃப்ரே ஹௌன்ஸ்பீல்ட் வடிவமைத்த சி.ரி. கருவி அன்று முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைத் துண்டு துண்டாகப் படமாக்கியது. அவர் பணியாற்றிய ஈ.எம்.ஐ. நிறுவனம் எம் பாட்டன்மாருக்கு வேறு வகையில் அறிமுகமானது. கிராமபோன் பெட்டியின் முன் நாய் அமர்ந்திருக்கும் முத்திரையோடு தமிழ் இசைத்தட்டுகளை விற்ற நிறுவனம் அதுவே. 1979 இல் ஹௌன்ஸ்பீல்டும் கோர்மக்கும் நொபெல் பரிசு பெற்றனர். காந்தப் புலத்தைக் கொண்டு படமாக்கும் முறையை 1973 இல் லோற்றபர் வெளியிட்டார். இன்று எம்.ஆர்.ஐ. என யாவரும் அறிந்தது அதுவே.

தொடக்கத்தில் மருத்துவர்கள் ஏமாற்றமே அடைந்தனர். மறதியுள்ளோரின் மூளை சுருங்கியிருந்தது உண்மை. ஆனால் நல்ல நினைவாற்றல் உடைய முதியோரின் மூளையும் சுருங்கியிருந்தது. மூளை முழுவதையும் நோக்காது எங்கு நோக்கவேண்டும் என்று அறிந்தபோதுதான் படம் பேசத் தொடங்கியது. கன்னப்பொறிக்கு உட்புறமாக, மூளையின் ஆழத்தில், கடற்குதிரை போல் வளைந்த ஓர் உறுப்பு உண்டு. ஹிப்போகாம்பஸ் என்பது அதன் பெயர். புதிய நினைவுகள் பதியும் வாயில் அது. அல்ஸைமரின் முடிச்சுக்கள் அதன் அயலிலேயே முதலில் தோன்றுகின்றன. றிபோ சொன்ன வரிசைக்கு உடற்கூறு தரும் விளக்கமும் ஏறத்தாழ இதுவே: வாயில் அடைபட்டால் புதியது உட்புகாது, முன்பே உட்புகுந்தது சிறிது காலம் தங்கும். 1992 இல் ஒக்ஸ்போர்டில் ஜொப்ஸ்ற், டேவிட் சிமித் ஆகியோர் சி.ரி. படத்தைச் சற்றுச் சரித்து எடுத்து, அப்பகுதியின் தடிப்பை மட்டும் அளந்தாலே நோயுள்ளோரைப் பெருமளவு பிரித்தறியலாம் என்று காட்டினர். வில்லிஸும் றென்னும் பணியாற்றிய அதே நகரம்.

பின்னர் வந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து நோக்கியபோது, நோயற்ற முதியோரில் இவ்வுறுப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.4 வீதமும் அல்ஸைமர் நோயாளரில் ஏறத்தாழ 4.7 வீதமும் சுருங்குவது தெரிந்தது. வேறுபாடு பெரிதே. ஆயினும் நோயுள்ளவரை நோயுள்ளவர் என்று காட்டுவது முன்னறிதலாகாது. முன்னறிதலின் வரலாற்றில் 1999 இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த கிளிபர்ட் ஜக் முதலியோர் வெளியிட்ட கட்டுரையை நான் முதன்மையாகக் கொள்வேன். இலேசான மறதி மட்டும் உடைய 80 பேரின் ஹிப்போகாம்பஸை அளந்து, சராசரியாக ஏறத்தாழ 33 மாதங்கள் அவர்களைத் தொடர்ந்தனர். அவர்களுள் 27 பேர் மறதிநோயில் வீழ்ந்தனர். தம் வயதினரின் சராசரிக்குச் சமமாகவோ மேலாகவோ அளவுடையோருள் 9 வீதத்தினரே அவ்வாறாயினர். இடைநிலையினருள் 26 வீதத்தினர். மிகச் சிறுத்திருந்தோருள் 50 வீதத்தினர்.

இந்த எண்களின் முன் சிறிது தங்கிச் சிந்திக்கவேண்டும். 9க்கும் 50க்கும் இடையிலுள்ள தூரம் படத்தின் வெற்றி. ஆனால் மிகச் சிறுத்த மூளையுடையோருள்ளும் பாதிப்பேர் அக்காலத்துள் நோயுறவில்லை. மறதி வருமென்று முன்கூட்டிச் சொல்லப்பட்டிருந்தால் அவர்கள் அந்த ஆண்டுகளை எவ்வாறு கழித்திருப்பர்? அமெரிக்காவில் டேவிட் சினோடன் 678 கன்னியாஸ்திரிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு இதைவிடத் துணுக்குற வைப்பது. 101 வயதில் மறைந்த ஒரு சகோதரி இறுதிவரை தெளிந்த அறிவோடு இருந்தார். அவருடைய மூளையிலோ அல்ஸைமரின் படிவுகளும் முடிச்சுக்களும் மலிந்திருந்தன. மூளையின் சேதமும் மனத்தின் சேதமும் ஒரே அளவுகோலில் ஏறுவதில்லை. கல்வி, மொழித் திறன், சமூக வாழ்வு ஆகியவை ஏதோ ஒரு சேமிப்பை உண்டாக்குகின்றன என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இத்துறையில் அண்மையில் மிகவும் பேசப்பட்டது நியூசிலாந்தின் டனீடின் நகர ஆய்வு. 1972, 73 ஆம் ஆண்டுகளில் அங்கு பிறந்த 1,037 பேரைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து வருகின்றனர். 45 ஆவது வயதில் எடுத்த ஒரே மூளைப் படத்திலிருந்து ஒருவருடைய உடல் எவ்வளவு வேகமாக மூப்படைகிறது என்று கணிக்கும் முறையொன்றை 2025 இல் வெளியிட்டனர். அம்முறையை வேறு ஆய்வுகளின் முதியோரிடம் பொருத்தியபோது, வேகமாக மூப்படைவதாகக் கணிக்கப்பட்டோரிடையே பின்னர் மறதிநோய் மிகுதியாக வந்தது. அரிய சாதனை. ஆயினும் இச்சாதனை கருவியினால் மட்டும் விளைந்ததன்று. ஆயிரம் பேரை அரை நூற்றாண்டுக்கு மேல் கைவிடாது பின்தொடர்ந்த பொறுமையினால் விளைந்தது. விலைகொடுத்துக் கருவியைத் தருவிக்கலாம். ஐம்பது ஆண்டுப் பதிவேட்டைத் தருவிக்க இயலாது.

எமது நாட்டில் நிலைமை யாது? 2003 இல் அசித த சில்வா, சமன் குணதிலக்க ஆகியோர் ராகமையை அண்டிய மக்களிடையே 65 வயதும் அதற்கு மேலும் ஆன 703 பேரைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வே இங்கு முன்னோடி. 3.98 வீதத்தினரிடம் மறதிநோய் காணப்பட்டது. அக்கட்டுரையின் மூன்றாம் ஆசிரியர் வேறெவருமல்லர், ஒக்ஸ்போர்டில் மூளைப் படத்தை அளந்த டேவிட் சிமித்தே. 2016 இல் ஶ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தார் பெங்களூர் நரம்பியல் நிலைய அறிஞரோடு சேர்ந்து இலங்கை முதியோரின் மூளைகளை இறப்பின்பின் ஆராய்ந்து வெளியிட்டனர். இரத்தக் குழாய்ச் சிதைவின் பங்கினை அது வலியுறுத்தியது. இவையெல்லாம் மேல் மாகாணத்தைச் சார்ந்த முயற்சிகள்.

ராகமை முதலிய கள ஆய்வுகள் வினாத்தாளை நம்பியவை. வினாத்தாளின் இயல்பை விளக்க என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூற வாசகர் அனுமதிக்கவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் முதியோரின் நினைவாற்றலை அளக்கும் சிறு முயற்சி ஒன்றுக்கு மொழிபெயர்ப்பாளனாகக் கண்டியை அண்டிய ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். வழக்கமான முப்பது புள்ளி வினாத்தாள். அமெரிக்காவில் 1975 இல் வகுக்கப்பட்டதன் வழிவந்தது. லயத்து வாசலில் இருந்த மூதாட்டி ஒருவரிடம், "பாட்டி, நாம இப்ப எந்த நாட்டுல இருக்கோம்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, "இது கண்டி தானே தம்பி" என்றார். ஊர் எது என்ற கேள்விக்குத் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். மாகாணம் என்ற சொல்லை அவர் அறியவில்லை. இன்று என்ன திகதி என்றதற்குச் சம்பளம் போட்டு மூன்று நாள் என்றார். மூன்று நாள் என்பது சரியாயிருந்தது. வினாத்தாளில் அதற்கு இடமில்லை. நாடு என்ற கட்டத்தில் நான் பூச்சியம் இட்டேன்.

அது தவறென்று எனக்குத் தெரிந்தபோது நாட்கள் பல கடந்துவிட்டன. தமிழகத்திலிருந்து பெயர்ந்து வந்தோரின் வழக்கில் கண்டி என்பது ஒரு நகரின் பெயரன்று. கோப்பிக் காலத்திலிருந்தே இந்த மலைநாடு முழுவதையும், ஏன், சில வேளைகளில் இத்தீவையே, அவர்கள் கண்டிச் சீமை என்றனர். நொக்ஸின் காலத்தில் அது உண்மையாகவே ஒரு நாட்டின் பெயர். 1948 குடியுரிமைச் சட்டம் அந்த மூதாட்டியின் குடும்பத்தாரை நாடற்றோராக்கியது. 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகிர்ந்தது. அவருடைய உடன்பிறந்தோர் இருவர் கப்பலேறினர். எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கல் தீர்வதற்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. எந்த நாட்டில் இருக்கிறோம் என்ற வினாவுக்கு அரசுகளே ஐம்பத்தைந்து ஆண்டுகளாக விடை தேடிக்கொண்டிருந்தன. மூதாட்டி ஒரு நொடியில் விடை சொன்னார்.

இச்சிக்கல் எமக்கு மட்டும் உரியதன்று. 1998 இல் கொச்சியில் உருவான பத்தின்கீழ் அறுபத்தாறு என்னும் ஆய்வுக் குழுவின் பெயரே ஒரு குற்றச்சாட்டு. மறதிநோயாளருள் 66 வீதத்தினர் வளர்முக நாடுகளில் வாழ, ஆய்வுகளில் 10 வீதத்துக்கும் குறைவானவையே அவர்களைப் பற்றியவை என்பது அதன் பொருள். அக்குழு சென்னையையும் வேலூரின் கிராமங்களையும் உள்ளடக்கிப் பல நாடுகளில் நடத்திய கணிப்பீடு 2008 இல் வெளிவந்தது. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் வரைவிலக்கணத்தைக் கொண்டால் கிராமிய இந்தியாவில் மறதிநோய் 0.3 வீதம், கியூபாவில் 6.3 வீதம். கல்விக்கும் பண்பாட்டுக்கும் ஏற்பத் திருத்திய தம் சொந்த முறையைக் கொண்டால் நாடுகளிடையேயான வேறுபாடு பெரிதும் குறைந்து, 5.6 க்கும் 11.7 க்கும் இடையில் அமைந்தது. ஒரு முறை நோயைக் காணாது விடுகிறது, மற்றொன்று எழுத்தறியாதாரை நோயாளராக்கிவிடக்கூடும். அளவுகோல் மாறினால் நோயாளரின் தொகையே மாறுகிறது.

இந்நிலையில் மூளைப் படம் ஒரு விடுதலையாகத் தோன்றுவது இயல்பே. ஹிப்போகாம்பஸுக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. அதனிடம் திகதி கேட்கவேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளன் பூச்சியம் இடவும் வழியில்லை. இவ்வாதத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. கண்டி வைத்தியசாலைகளிலும் அக்கருவிகள் வந்துவிட்ட காலம் இது. ஆயினும் படமும் ஒப்பீட்டினாலேயே பேசுகிறது. சிறுத்தது என்றால் யாருடையதைவிடச் சிறுத்தது? ஜக் முதலியோரின் அளவுகள் மினசோட்டா மாநிலத்து முதியோருடையவை. 2019 இல் ஹைதராபாத்திலுள்ள தகவல் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தார் நூறு இந்தியரின் மூளைகளைப் படமாக்கி ஒரு மாதிரிப் படத்தொகுதி வெளியிட்டனர். மேலைநாட்டு மாதிரிகளோடு ஒப்பிடுகையில் உயரம், அகலம், கனவளவு மூன்றிலும் இந்திய மூளைகள் சராசரியில் சிறியனவாயிருந்தன. அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் மேலைநாட்டு அளவுகோலின் முன் நிறுத்தினால் நலமுள்ள தெற்காசியர் ஒருவரும் சுருங்கிய மூளையராகத் தோன்றக்கூடும். மேலும், தோட்டத்து முதியோர் போர்க்காலப் பங்கீட்டு அரிசியில் வளர்ந்தவர்கள். 1974 இன் பஞ்சத்தைத் தாங்கியவர்கள். குழந்தைப்பருவ உணவு தலையின் வளர்ச்சியையும் தீர்மானிக்கிறது. ஒருவருடைய மூளை சிறிதாயிருப்பது இனி வரப்போகும் நோயின் அடையாளமா, எழுபது ஆண்டுகளுக்கு முன் கழிந்துபோன பசியின் அடையாளமா என்பதை ஒரே ஒரு படம் பிரித்துரைக்காது. வரலாறு இன்றி அப்படத்தை வாசிக்க முடியாது என்று நான் சொல்வது தொழிற்பற்றினால் அன்று.

பேராதனை மருத்துவபீடம் 1962 இல் தொடங்கப்பட்டது. அதன் நரம்பியல் மரபில் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1977, 78 ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ச் சிறுமியர் திடீரென்று கைகால் வலுவிழந்தனர். பேராதனையைச் சேர்ந்த நிமால் சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981 இல் அதன் காரணத்தை வெளியிட்டனர். பூப்பெய்திய சிறுமியர்க்கு எம் வழக்கப்படி கொடுக்கப்பட்ட நல்லெண்ணெயில் ஒரு நச்சு இரசாயனம் கலந்திருந்தது. முன்னர் கனிய எண்ணெய் அடைத்திருந்த கலன்களில் அதனை ஏற்றிவந்ததால் அது கலந்திருக்கவேண்டும் என்பது அவர்கள் முடிவு. சிறுமியர் மட்டும், தமிழர் மட்டும், அவ்வயதினர் மட்டும் ஏன் என்று கேட்டதனால், அதாவது ஒரு சமூகத்தின் சடங்கை அறிந்ததனால், கண்ட விடை அது. எந்தப் படமும் அதைக் காட்டியிராது.

முன்னறிந்து பயன் என்ன என்ற வினாவும் எஞ்சியுள்ளது. லெக்கனெமப் என்னும் மருந்து 2023 இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றது. பதினெட்டு மாதங்களில் நோயின் போக்கை ஏறத்தாழ 27 வீதம் மந்தமாக்கியது. நோயை நிறுத்தவில்லை. மூளையில் வீக்கமோ இரத்தக் கசிவோ உண்டாகிறதா என்று அறிய மீண்டும் மீண்டும் எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும். எமது முதியோருக்கு அது எட்டாக்கனி. மேலும் படிவுகளைக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஒன்று 2025 மே மாதத்தில் அங்கு அனுமதி பெற்றுள்ளது. படமெடுக்கும் கருவிக்கு நாம் வரிசையில் நிற்கையிலேயே அதன் இடத்தை ஒரு துளி இரத்தம் பிடித்துக்கொள்ளவும் கூடும். மறுபுறம், 2024 இல் லான்செற் இதழின் ஆணைக்குழு, மாற்றத்தக்க காரணிகள் பதினான்கைக் கணித்து, உலகின் மறதிநோயுள் ஏறத்தாழ 45 வீதம் அவற்றோடு தொடர்புடையது என்றது. இளமைக் கல்வியின்மை, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, செவிப்புலன் குறைவு, பார்வைக் குறைவு, தனிமை, புகை படிந்த காற்று ஆகியன அவற்றுட் சில. இந்தப் பட்டியலை லயத்து வாழ்வின் வருணனையாகவும் வாசிக்கலாம். குருதியமுக்கத்தை அளக்கும் பட்டியும் ஒரு மூக்குக் கண்ணாடியும் எம்.ஆர்.ஐ. கருவியின் விலையில் எத்தனையில் ஒரு பங்கு என்று எவரும் கணக்கிடலாம்.

படமே வேண்டாம் என்பது என் கருத்தன்று. டேவிட் சிமித் குழுவினர் 2010 இல், பி வகை வைற்றமின்கள் இலேசான மறதியுடையோரின் மூளை சுருங்கும் வேகத்தை ஆண்டுக்கு 1.08 வீதத்திலிருந்து 0.76 வீதமாகக் குறைத்தன என்று அறிந்தது படத்தினால்தான். ஒருவரின் இன்றைய படத்தை அவருடைய முன்னைய படத்தோடே ஒப்பிட்டால் மினசோட்டாவும் ஹைதராபாத்தும் தேவைப்படா. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் மூளை ஆய்வு நிலையம், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் கிராமங்களில் பதினாயிரம் பேரை இலக்காகக் கொண்டு இத்தகைய நெடுங்கால ஆய்வைத் தொடங்கியிருக்கிறது. மகாவலிக் கரையில் அத்தகையதொன்று தொடங்குமானால், அதற்கு முதலில் வேண்டியது ஒரு நிகழ்ச்சி நாட்காட்டி. பிறப்புச் சான்றிதழ் இல்லாத முதியோரின் வயதை அறிய, அவர் எந்நிகழ்ச்சியின்போது எவ்வளவு உயரம் இருந்தார் என்று கேட்பது கள ஆய்வாளர் முறை. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் அது இவ்வாறு தொடங்கலாம்: பேராதனைப் பூங்காவில் மவுண்ட்பேற்றனின் படைத் தலைமையகம் இருந்த 1944, மகாவலி பெருகிக் கம்பளை மூழ்கிய 1947, எலிசபெத் மகாராணியின் முன்னிலையில் பல்கலைக்கழகம் திறந்துவைக்கப்பட்ட 1954 ஏப்பிரல், ஒப்பந்தம் கைச்சாத்தான 1964, கிழங்கு தின்ற 1974, தோட்டங்களை அரசு எடுத்த 1975. இவற்றோடு அந்தந்தத் தோட்டத்தின் கோயில் கும்பாபிடேகங்களும், மண்சரிவுகளும், யார் யார் எப்போது கப்பலேறினர் என்பதும் சேரவேண்டும். இவற்றைச் சொல்லக்கூடியோர் இன்னும் சில ஆண்டுகளே எம்மிடையே இருப்பர். அந்த வினாத்தாளின் படியொன்று என்னிடம் இருக்கிறது. நாடு என்ற கட்டத்தில் பூச்சியத்தை அடித்து ஒன்று என எழுதியிருக்கிறேன். அனுப்பப்பட்ட தாளில் அது இன்னும் பூச்சியமே.